திருகோணமலையில் ஒரு சின்ன அலுவலகத்துக்கு இணையப் போன் பூட்டுவது எப்படி

உப்புவெளியில் ஒரு விடுதியின் அலுவலகத்துக்கு ஆறு இணையப் போன்கள் பூட்டிக் கொடுத்திருந்தேன். காலை முழுக்கக் குரல் தெளிவாக இருக்கும். பின்னேரம் நாலு மணியானால் வெட்டி வெட்டி வரும். போனை மாற்றிப் பார்த்தேன், வயரை மாற்றிப் பார்த்தேன், சேவை தரும் கம்பனியோடு இரண்டு தரம் கதைத்தும் பார்த்தேன். சரிவரவில்லை. மூன்றாம் நாள் நாலு மணிக்கு அங்கேயே போய் உட்கார்ந்திருந்தேன். கணக்குப் பார்க்கும் தங்கச்சி அன்றைய பில்களைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றத் தொடங்கினார். அடுத்த நிமிடமே வரவேற்பு மேசையில் இருந்தவர் "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று சத்தம் போடத் தொடங்கினார்.

அதன்பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் போன் பெட்டியைக் கடைசியாகத்தான் பிரிக்கிறேன். முதலில் பார்ப்பது, அந்தப் போன் போகப்போகும் வழியை. உட்துறைமுக வீதியிலோ மத்திய வீதியிலோ பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம், கணினிகளுக்கு ஏற்கெனவே ஒரு வலை இருக்கிறது, அதே வலையில் போனையும் சேர்க்க வேண்டும் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். முன்பின் செய்து பழக்கமில்லாவிட்டாலும் பரவாயில்லை.

குரலுக்கு என்ன தனி மரியாதை?

இணையப் போன் உங்கள் குரலை 20 மில்லி செக்கன் துண்டுகளாக வெட்டி, ஒரு செக்கனுக்கு 50 பொட்டலமாக அனுப்புகிறது. ஜி.711 என்ற வழக்கமான குறிமுறையில் ஒரு பொட்டலத்தில் குரல் 160 பைட், அதன் மேல் ஒட்டும் முகவரிச் சீட்டுகள் 40 பைட். கூட்டிப் பார்த்தால் போகும் திசை ஒன்றுக்குச் செக்கனுக்கு 80 கிலோபிட், வயரில் ஓடும்போது ஏறக்குறைய 87 கிலோபிட். ஒரே நேரத்தில் ஐந்து பேர் கதைத்தாலும் அரை மெகாபிட்டுக்கும் குறைவு. ஒரு சின்ன ஃபைபர் இணைப்புக்குக்கூட இது பாரமே இல்லை.

அப்படியென்றால் ஏன் வெட்டுகிறது? காத்திருப்பதால். மின்னஞ்சல் இரண்டு செக்கன் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியாது. குரல் ஒரு பக்கத்துக்கு 150 மில்லி செக்கனுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டித் தாமதம் கூடக்கூட, இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு கதைப்பார்கள். பிந்தி வந்த குரல் துண்டைப் போன் எறிந்துவிடும். எங்களுக்கு அது வெட்டாகக் கேட்கும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்னர் துறையில் பாதைப் படகுக்காகக் காத்து நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. முன்னால் நாலு லொறி நின்றால் சைக்கிளில் வந்தவரும் அவற்றின் பின்னால்தான் நிற்க வேண்டும். உங்கள் ரவுட்டரில் நடப்பதும் அதுதான். மேலேற்றும் வேகம் 2 மெகாபிட் என்று வையுங்கள். ரவுட்டரின் வரிசையில் 256 கிலோபைட் அளவு படங்கள் காத்து நின்றால், அவை வெளியேற ஒரு செக்கன் பிடிக்கும். அந்த ஒரு செக்கனும் குரல் பின்னால் நிற்கிறது. சைக்கிளுக்குத் தனி வரிசை ஒன்று போட்டுக் கொடுப்பதுதான் இந்த வேலையின் பெரும் பகுதி.

முதல் வேலை: லைனை அளப்பது

வேலை நேரத்தில் அளக்க வேண்டும். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. வேகப் பரிசோதனையில் எல்லோரும் கீழிறக்கும் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மேலேற்றும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நெரிசல் வருவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான்.

அப்புறம், கணினியில் பிங் கட்டளையை (சிறு செய்தி ஒன்றை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளப்பது) திறந்து, போன் சேவை தரும் கம்பனியின் சேர்வருக்கு 100 தரம் அனுப்பிப் பாருங்கள். நூறில் ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது. போய்த் திரும்பும் நேரம் ஒன்றுக்கொன்று 30 மில்லி செக்கனுக்கு மேல் கூடிக் குறையாமல் இருக்க வேண்டும். சராசரி நல்லதாக இருந்து இடையிடையே 400, 600 என்று பாய்ந்தால், அந்த நேரம் யார் எதை ஏற்றிக்கொண்டிருந்தார் என்று தேடுங்கள். கண்காணிப்புக் கமரா தன் படங்களை இணையத்தில் சேமிப்பது, கைப்பேசிகள் தாமாகவே படங்களைக் காப்பெடுப்பது, இரண்டும் நான் அடிக்கடி காணும் காரணங்கள்.

வயரும் பெட்டியும்

எங்கள் ஊரில் கடற்காற்று எல்லாவற்றிலும் கை வைக்கும். டைக் வீதிப் பக்கம் ஒரு மாடி அலுவலகத்தில், யன்னலோரம் இருந்த ஒரு போன் மட்டும் நாளுக்கு இரண்டு மூன்று தரம் அணைந்து எழும்பியது. வயரின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டு உலோகப் பற்களில் இரண்டில் மெல்லிய பச்சைப் படலம். புதுப் பிளக் அடித்து, சுவர்ச் சொக்கெட்டையும் மாற்றியதும் சரியாகிவிட்டது. கடலைப் பார்த்த யன்னல் உள்ள அறைகளில் பழைய பிளக்குகளை ஆராய்ந்துகொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள். செலவு மிகக் குறைவு.

வயர் கேட் 5ஈ போதும். ஒரு துண்டு 100 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே வெளியால் செம்பு வயர் இழுக்காதீர்கள். ஒக்டோபர் தொடங்கினால் எங்களுக்கு இடியும் மின்னலும். அருகில் விழும் மின்னலே அந்த வயர் வழியாக இரு முனையிலும் உள்ள பெட்டிகளைக் கருக்கப் போதும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

நெட்வேர்க் சுவிட்ச் வாங்கும்போது வயர் வழியே மின்சாரமும் தரும் வகையைப் பார்த்து வாங்குங்கள். அதைப் பி.ஓ.ஈ. என்று கேட்டால் கடையில் தெரியும். ஒவ்வொரு மேசையிலும் தனி அடாப்டர் தேவைப்படாது. கரண்ட் போனால் ஒரே ஒரு யூபிஎஸ் எல்லாப் போன்களையும் தாங்கும். 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரம் ஒரு துளைக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். சாதாரண மேசைப் போனுக்கு அது தாராளம். பெட்டியின் மொத்த வாட் கணக்கையும் மறக்காமல் பாருங்கள்: எட்டுத் துளை இருந்தும் மொத்தம் 60 வாட் மட்டுமே தரும் பெட்டிகள் உண்டு.

பெரும்பாலான மேசைப் போன்களின் அடியில் இரண்டு துளை இருக்கும். ஒன்று சுவருக்கு, மற்றது கணினிக்கு. ஒரே வயரில் போனும் கணினியும் ஓடும் வசதி இது. இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். விலை குறைந்த போன்களில் அந்தத் துளை 100 மெகாபிட்தான், பின்னால் கொழுவிய கணினியும் அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். பெரிய கோப்புகளோடு வேலை செய்பவருக்குத் தனி வயர் கொடுங்கள். மற்றது இதைவிட முக்கியம்: மேசையைத் துடைத்து ஒழுங்குபடுத்தும் யாராவது, சும்மா தொங்கும் வயர் என்று நினைத்துப் போனின் இரண்டு துளைகளையும் சுவரில் கொழுவிவிடலாம். அப்போது பொட்டலங்கள் வட்டமாகச் சுற்றிப் பெருகி, முழு அலுவலகத்தின் வலையும் படுத்துவிடும். சுவிட்சில் வட்டத்தைத் தடுக்கும் எஸ்.டி.பி. என்ற வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

குரலுக்குத் தனிப் பாதை

ஒரே வயர், ஒரே சுவிட்ச், ஆனால் உள்ளே இரண்டு தனித்தனி வலைகள். இதற்குப் பெயர் விலான். கணினிகள் இருக்கும் வலையைத் தொடாமல், போன்களுக்கு 20 என்று ஓர் எண் கொடுத்துப் புது விலான் உருவாக்குங்கள். முகவரிகளை 192.168.20 என்று தொடங்க விடுங்கள். பிறகு எந்த முகவரியைக் கண்டாலும் அது போனா கணினியா என்று பார்த்த உடனேயே தெரியும். சுவிட்சின் பட்டியலில் "வொய்ஸ் விலான்" என்று ஓர் இடம் இருக்கும், அங்கே 20 என்று போடுங்கள். எல்.எல்.டி.பி. வசதியும் போட்டிருந்தால், போன் எழும்பும்போதே தன் விலானைச் சுவிட்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பின்னால் கொழுவிய கணினி பழையபடி பழைய வலையிலேயே இருக்கும்.

ஐந்து போனுக்குக் குறைவு, வெளியார் யாரும் அந்த வலையில் இல்லை என்றால், விலான் இல்லாமலும் சமாளிக்கலாம். ஒரே மாடியில் இரண்டு மூன்று நிறுவனங்கள் ஒரே இணைப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன, அல்லது விருந்தினருக்கு வைஃபை கொடுத்திருக்கிறீர்கள் என்றால் விலான் கட்டாயம். விருந்தாளியின் மடிக்கணினியில் இருக்கும் வைரஸ் உங்கள் போன்களைத் தட்டிப் பார்க்க வழி இருக்கவே கூடாது.

போன் முகவரி எடுக்காமல் நின்றால், வலையில் உங்கள் ரவுட்டரைத் தவிர இன்னொரு பெட்டியும் முகவரி பங்கிடுகிறதா என்று பாருங்கள். வைஃபை எட்டவில்லை என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து கொழுவிய பழைய ரவுட்டர் மேசைக்கு அடியில் இருக்கும்.

ரவுட்டரில் இரண்டு மாற்றம்

முதலாவது, வரிசை. உங்கள் லைன் மேலேற்றும் வேகம் 10 மெகாபிட் என்றால், ரவுட்டரில் எல்லையை 8.5 அல்லது 9 என்று போடுங்கள். வேகத்தை நாங்களே ஏன் குறைக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். குறைக்காவிட்டால் நெரிசல் கம்பனிக்காரரின் பெட்டியில் உருவாகும், அங்கே உங்கள் பேச்சுச் செல்லாது. குறைத்தால் வரிசை உங்கள் ரவுட்டரிலேயே நிற்கும், யார் முன்னால் போவது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். அப்புறம் 20ஆம் விலானிலிருந்து வருவதற்கு முதலிடம் கொடுங்கள். குரல் பொட்டலங்களில் போனே 46 என்ற முத்திரையைக் குத்தி அனுப்பும், அந்த முத்திரையைப் பார்த்தும் முதலிடம் கொடுக்கலாம். விடுதியில் நான் செய்தது இதுவே. தங்கச்சி இன்றும் நாலு மணிக்குத்தான் பில்களை ஏற்றுகிறார், யாரும் "ஹலோ ஹலோ" என்று கத்துவதில்லை.

இரண்டாவது, சிப் ஏஎல்ஜி என்ற வசதியை நிறுத்துவது. இணையப் போன்கள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படுத்தும் மொழிக்குச் சிப் என்று பெயர், இன்று புழங்கும் வடிவம் 2002இல் வந்தது. அந்த மொழிக்கு உதவி செய்வதற்காக ரவுட்டருக்குள் வைத்த வசதிதான் இந்த ஏஎல்ஜி. அநேகமான ரவுட்டர்களில் அது முகவரிகளைத் தவறாகத் திருத்திக் காரியத்தைக் கெடுக்கிறது. அதன் அறிகுறிகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணா, அவங்க கதைக்கிறது எனக்குக் கேக்குது. நான் கதைக்கிறதுதான் அவங்களுக்குக் கேக்குதில்லையாம்" என்று யாராவது சொன்னால், போனைத் தொடாமல் நேரே ரவுட்டருக்குப் போங்கள். கோல் நன்றாகத் தொடங்கி 32ஆவது செக்கனில் அறுந்தாலும் பார்க்க வேண்டிய இடம் அதுதான். எடுத்தோம் என்ற பதிலுக்கு வர வேண்டிய உறுதிச் செய்தி வழியில் தொலைந்தால், சிப் அவ்வளவு நேரம்தான் பொறுத்திருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் எங்கே, எண்கள் எப்படி

கோல்களைப் பங்கிடும் எக்ஸ்சேஞ்சை வெளியே ஒரு கம்பனியிடம் மாத வாடகைக்கு எடுக்கலாம், அல்லது உங்கள் அலுவலகத்திலேயே வைக்கலாம். 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய அஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருள் ஒரு சின்னக் கணினியில் ஓடும். அதை உலாவியில் திறந்து படம் பார்த்து அமைக்க ஃப்ரீபிபிஎக்ஸ் இருக்கிறது. நான்கைந்து போன் என்றால் வாடகைக்கு எடுப்பது நிம்மதி. எட்டுக்கு மேல் என்றால் உள்ளே வைப்பதையே விரும்புவேன். வீதி வெட்டும்போது ஃபைபர் அறுந்தாலும், மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்குக் கதைக்கலாம்.

உள்ளெண்களை 101, 102 என்று தொடங்குவது பழக்கம். இலங்கையில் அப்படிச் செய்யாதீர்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, தீயணைப்பு 110, எல்லாம் ஒன்றில் தொடங்குகின்றன. 201 என்று தொடங்கினால், 026க்குப் பின் இரண்டில் தொடங்கும் உள்ளூர் எண்களோடு மோதும். நீங்கள் எண் முழுவதும் அழுத்தினீர்களா, இன்னும் அழுத்துவீர்களா என்று தெரியாமல் எக்ஸ்சேஞ்ச் சில செக்கன் காத்திருக்கும். நான் 601இலிருந்து கொடுக்கிறேன். ஒருவர் ஏழு இலக்கம் மட்டும் அழுத்தினால் முன்னால் 026 தானாகச் சேரும்படி ஒரு விதி எழுதுங்கள். பழைய லைனில் அப்படி அழுத்திப் பழகிய கைகள் அவை, மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை.

வெளி லைனுக்கு 9 அழுத்தும் முறை வைத்தால், 119ஐ 9 போட்டும் போடாமலும் போகும்படி அமையுங்கள். பதறிய நேரத்தில் யாருக்கும் 9 நினைவுக்கு வராது. உங்கள் வெளி லைன் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் 011 எண்ணாக இருந்தால், எடுப்பவருக்குத் தெரிவதும் அந்த எண்தான். அவசரக் கோலில் முதல் சொல்லே "திருகோணமலை" என்று இருக்க வேண்டும் என எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வரவேற்புக் குரலைப் பதிவு செய்யும்போது தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். மூதூரிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் ஒரே நாளில் கோல் வரும் ஊர் இது. மொழி தேர்வதற்கான வரியைச் சுருக்கமாக வையுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள்.

பூட்டு

இதைத் தள்ளிப் போடாதீர்கள். 5060 என்ற சிப் வாசலை இணையத்துக்குத் திறந்து வைத்தால், சில மணி நேரத்துக்குள் எங்கிருந்தோ ஆட்கள் தட்டத் தொடங்குவார்கள். 601இன் கடவுச்சொல்லும் 601 என்றால் உள்ளே வந்துவிடுவார்கள். பிறகு இரவோடு இரவாக உங்கள் லைனில் கட்டணம் கூடிய வெளிநாட்டு எண்களுக்குக் கோல் போகும், பில் உங்களுக்கு வரும். ஒவ்வொரு போனுக்கும் வெவ்வேறான நீண்ட கடவுச்சொல் வையுங்கள். 00 என்று தொடங்கும் எண்களை எல்லோருக்கும் அடைத்துவிட்டு, தேவையானவருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். வெளியிலிருந்து யாராவது கைப்பேசியில் அலுவலக எண்ணைப் பயன்படுத்த வேண்டுமென்றால், வாசலைத் திறக்காமல் விபிஎன் என்ற பூட்டிய தனிவழியால் வரச் சொல்லுங்கள். போன்களின் அமைப்புப் பக்கத்துக்குத் தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லும் மாற வேண்டும்.

கரண்ட் போனால்

பழைய செம்பு லைன் போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. ஊரே இருண்டாலும் போன் வேலை செய்யும். இணையப் போனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2022 மார்ச் 31இல் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

யூபிஎஸ்ஸில் சுவிட்ச், ரவுட்டர், எக்ஸ்சேஞ்ச் கணினி மூன்றையும் கொழுவிவிட்டு, சுவரில் தனியே இருக்கும் ஃபைபர் பெட்டியை மறந்த இடங்களை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அது அணைந்தால் மற்றவை எரிந்தும் பயனில்லை. மொத்தம் 80 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பற்றரி ஒன்றில் கணக்குப்படி 84 வாட் மணி இருக்கிறது. நடைமுறையில் அரை மணி நேரம் தாங்கினால் பெரிய காரியம். அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்வேர்ட்டரும் பெரிய பற்றரியும் பார்க்க வேண்டும். எப்படியும் வெளி லைன் விழுந்தால் கோல்கள் ஒரு கைப்பேசி எண்ணுக்குத் திரும்பும்படி சேவைக் கம்பனியிடம் சொல்லி வையுங்கள். அந்த ஏற்பாடு அவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் உங்கள் பெட்டிகள் எல்லாம் அணைந்தாலும் வேலை செய்யும்.

கையளிக்கும் நாள்

இப்போது போன் பெட்டிகளைப் பிரிக்கலாம். குறிமுறைப் பட்டியலில் ஜி.711இன் ஏ-லோ என்ற வகை முதலில் நிற்கட்டும், நேர வலயம் 5:30 என்று இருக்கட்டும். ஒவ்வொரு போனிலும் நாலு கோல் எடுங்கள்: உள்ளே ஒன்று, 026 எண்ணுக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று, வெளியிலிருந்து வருவது ஒன்று. வெளியே போகும் கோல்களை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பிடித்திருங்கள், 32 செக்கன் கோளாறு இருந்தால் அப்போது வெளிப்படும். ஒரு கோலை இன்னொருவருக்கு மாற்றியும் பாருங்கள். பிறகு கணக்குப் பிரிவில் ஒருவரைப் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றச் சொல்லிவிட்டு, அதே நேரம் கதைத்துப் பாருங்கள்.

கடைசியாக, எல்லோருக்கும் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். கோலில் இருந்தபடியே இறக்க வேண்டும். குரல் அறாமல் தொடர்ந்தால் வேலை முடிந்தது. விலான் எண், முகவரிகள், எந்தச் சுவர்ச் சொக்கெட் சுவிட்சின் எந்தத் துளைக்குப் போகிறது, சேவைக் கம்பனியின் உதவி எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். கடவுச்சொற்களை அதில் எழுதாமல், மூடிய உறையில் வைத்து முகாமையாளர் கையில் கொடுங்கள்.